நாட்களை எண்ணி நாடுகளைச் சுற்றுவோம்

(ஐரோப்பாவில் நெடும்பயணம் செல்ல விரும்பும் இளைஞர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐரோப்பாவைப் பற்றிப் பேசச் சொன்னால் வெனிஸ் நகரத்துக் கால்வாய்களையும் ஆல்ப்ஸ் மலையின் பனியையும் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். இன்று நான் எடுத்துக்கொண்டது பாஸ்போர்ட்டும் விசாவும். முதுகில் ஒரு பை, கையில் ஒரு ரயில் பாஸ் என்று மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்ற நினைப்பவருக்கு இதைவிட முக்கியமான பேச்சு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். பணம் தீர்ந்தால் வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லலாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் இரண்டு நாள் படுத்து எழலாம். விசாவில் நாள் தீர்ந்துவிட்டால், கடும் நோய் போன்ற அரிதான காரணம் இருந்தாலொழிய, மூட்டை கட்டிக் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சட்டத்துக்கு உட்பட்டே ஆறு மாதம் ஐரோப்பாவில் சுற்றலாம். ஆனால் அது முதல் பயணமாக அமைவது அரிது. சிறிய பயணங்கள் இரண்டை ஒழுங்காக முடித்தவருக்கே அந்த நீண்ட பயணம் எளிதாகக் கைகூடும். விதிகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. அது எப்படி என்று இப்போது பார்ப்போம்.

உரிமையும் அனுமதியும்

பாஸ்போர்ட்டையும் விசாவையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு வேறு. பாஸ்போர்ட்டைத் தருவது நம் அரசு. வெளிநாடு செல்லும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதி தரும் தனிமனித சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. 1978இல் மேனகா காந்தி வழக்கில், ஒருவரின் பாஸ்போர்ட்டைப் பறிப்பதானால் அதற்கான நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் மேலும் அழுத்தமாகச் சொன்னது.

விசா அப்படிப்பட்டதல்ல. இன்னொரு நாடு தன் மண்ணில் கால்வைக்க நமக்குத் தரும் அனுமதி அது. அந்த அனுமதியை எப்படிக் கேட்க வேண்டும், எந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம், மறுத்தால் எங்கே முறையிடலாம் என்பதையெல்லாம் அவர்களே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் போகிறவர் கவுண்டர் முன்னால் கெஞ்சவும் வேண்டாம், மிஞ்சவும் வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, கேட்ட தாளை எடுத்து நீட்டினால் போதும்.

ஒரு கிராமத்தின் பெயர்

ஐரோப்பிய விசாவை நாம் ஷெங்கன் விசா என்கிறோம். ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறு கிராமம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி, கொஞ்சம் தெற்கே நடந்தால் பிரான்ஸ். 1984ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எல்லைச் சாவடிகளில் நாள்கணக்கில் காத்துக் கிடந்த லாரி ஓட்டுநர்கள் பொறுமை இழந்து சாலைகளை மறித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனைகளைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய மூன்றும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. 1985 ஜூன் 14 அன்று ஷெங்கன் கரையில் நின்ற ‘பிரின்ஸஸ் மேரி அஸ்ட்ரிட்’ என்ற கப்பலில் ஐந்து நாடுகளும் கையெழுத்திட்டன. சோதனைகள் உண்மையில் நீங்கியது பத்தாண்டு கழித்து, 1995 மார்ச் 26 அன்று.

ஐந்தாக இருந்தது இன்று 29. ஐரோப்பிய ஒன்றியத்தின் 25 நாடுகளும், ஒன்றியத்தில் இல்லாத நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் இதில் அடக்கம். ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் இல்லாதவை அயர்லாந்தும் சைப்ரஸும். பிரிட்டன் இரண்டிலுமே இல்லை.

இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பயணக் கையேடுகளில், ஷெங்கன் நாட்கள் தீர்ந்தால் குரோஷியாவிலோ ருமேனியாவிலோ பல்கேரியாவிலோ தங்கி நாளைக் கடத்தலாம் என்று எழுதியிருக்கும். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் விமானம், கப்பல் வழிகளில் 2024 மார்ச் 31 முதலும், தரை வழியில் 2025 ஜனவரி 1 முதலும் எல்லைச் சோதனை நீங்கிவிட்டது. இந்த மூன்று நாடுகளில் தங்கும் ஒவ்வொரு நாளும் இப்போது ஷெங்கன் கணக்கில்தான் ஏறும். அச்சிட்ட ஆண்டைப் பார்க்காமல் எந்தக் கையேட்டையும் நம்பாதீர்கள்.

தொண்ணூறும் நூற்றெண்பதும்

எல்லா விதிகளுக்கும் மூலவிதி இது. ஷெங்கன் பகுதிக்குள், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பிரான்ஸில் 90, இத்தாலியில் 90 என்று தனித்தனியாகக் கிடையாது. உள்ளே நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் முழு நாட்களாகவே எண்ணப்படும். இரவு பதினோரு மணிக்கு ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கினாலும் அது ஒரு நாள்தான்.

பலர் குழம்புவது 180 நாள் எப்போது தொடங்குகிறது என்பதில். அதற்கு நிலையான தொடக்கம் இல்லை. 2013 அக்டோபர் 18 முதல் நடப்பில் உள்ள கணக்கு இது: ஷெங்கனுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களை எண்ண வேண்டும். நீளம் மாறாத ஒரு அளவுகோலைக் காலண்டரின் மேல் வைத்து, தினமும் ஒரு கட்டம் முன்னால் நகர்த்துவது போல. கோலுக்கு அடியில் கிடக்கும் ஷெங்கன் நாட்கள் 90ஐத் தாண்டக் கூடாது.

ஒருவர் ஏப்ரல் 1 அன்று நுழைகிறார். இடைவிடாமல் தங்கினால் ஜூன் 29 அவருக்கு 90ஆவது நாள். அன்று நள்ளிரவுக்குள் வெளியேறிவிட வேண்டும். திரும்ப எப்போது வரலாம்? ஏப்ரல் 1 கணக்கிலிருந்து விழுவது செப்டம்பர் 28 அன்று. அன்றிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் பழைய நாட்கள் விழுந்துகொண்டே வரும். ஆகவே செப்டம்பர் 28இல் திரும்பினால் மீண்டும் 90 நாட்கள் தொடர்ந்து இருக்கலாம்.

பிரித்துப் போகிறவரின் கணக்கு கொஞ்சம் நுட்பமானது. மார்ச் 1 முதல் 20 வரை 20 நாள் போய்வந்துவிட்டு, ஜூன் 1 அன்று மறுபடி நுழைகிறார் என்று வையுங்கள். மீதம் 70 நாள். ஆகஸ்ட் 9 கடைசி நாள். மார்ச் மாத நாட்கள் ஆகஸ்ட் 28இலிருந்துதான் விழத் தொடங்கும். அன்று மறுபடி நுழையலாம். ஆனால் 20 நாள்தான், செப்டம்பர் 16 வரை. ‘ஆறு மாதம் ஆயிற்று, புதுக் கணக்கு ஆரம்பித்துவிட்டது’ என்று இன்னும் தங்கினால் அது மீறல். இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் கால்குலேட்டரை ஐரோப்பிய ஆணையமே தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. இருந்தாலும் ஒருமுறையாவது தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். கையால் போட்ட கணக்கு மனத்தில் நிற்கும்.

விசா ஸ்டிக்கரைப் படிக்கும் முறை

விசா கிடைத்தவுடன் எல்லோரும் செய்வது போட்டோவைப் பார்ப்பது. முதலில் பார்க்க வேண்டியது மூன்று வரிகளை.

ஒன்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது. இரண்டு, எத்தனை முறை நுழையலாம் என்பது: 01 என்றால் ஒரு முறை, 02 என்றால் இரு முறை, ‘மல்ட்’ என்று இருந்தால் பல முறை. மூன்று, எத்தனை நாள் தங்கலாம் என்பது. முதலாவதையும் மூன்றாவதையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம்மவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. மே 1 முதல் 20 வரை பயணம் என்று விண்ணப்பித்தவருக்கு விசா மே 1 முதல் ஜூன் 4 வரை என்று வரக்கூடும். அந்தக் கூடுதல் 15 நாள், விமானம் தள்ளிப்போனாலோ கிளம்பும் தேதி மாறினாலோ உதவுவதற்கான சலுகை. தங்கும் நாள் 20 என்று இருந்தால் 20தான். மே 1 அன்றே உள்ளே போனவர் மே 20 அன்று வெளியே வந்துவிட வேண்டும்.

நுழைவு எண்ணிக்கையில்தான் முதுகுப்பைப் பயணிக்கு உண்மையான ஆபத்து. ஒருமுறை நுழையும் விசாவோடு பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயில் ஏறினால், கையில் பிரிட்டன் விசாவே இருந்தாலும் ஷெங்கன் விசா அத்தோடு முடிந்தது. திரும்பப் பாரிஸுக்கு வர முடியாது. இது பலருக்குத் தெரியும். தெரியாமல் சிக்கும் இடங்கள் வேறு இருக்கின்றன.

குரோஷியாவின் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளிட் நகரத்திலிருந்து துப்ரோவ்னிக் போகும் பழைய சாலை, நெயும் என்ற ஊரில் போஸ்னியாவின் கடலோரத் துண்டு ஒன்றை, 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், குறுக்கே தாண்டும். இரண்டு நகரங்களும் குரோஷியாவில்தான் இருக்கின்றன. ஆனால் பேருந்து நடுவில் ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறது. ஒருமுறை விசாக்காரர் அங்கே மாட்டிக்கொள்வார். 2022 ஜூலையில் பெல்யெசாட்ஸ் பாலம் திறந்த பிறகு போஸ்னியாவைத் தொடாமலே போக வழி கிடைத்திருக்கிறது. உங்கள் பேருந்து எந்த வழியில் போகிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். படகில் போனால் கேள்வியே இல்லை.

பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலையில் உள்ள அந்தோரா இன்னொன்று. அது ஷெங்கனில் இல்லை. அதற்கு விமான நிலையமும் இல்லை. பிரான்ஸ் வழியாகவோ ஸ்பெயின் வழியாகவோதான் போய்வர முடியும். ஆகவே திரும்பி வர இரண்டாவது நுழைவு தேவை. துருவ ஒளி பார்க்கப் போகும் ஸ்வால்பார்ட் தீவுகள் நார்வேக்குச் சொந்தமானவை, ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. அங்கே போய்வரவும் ஒருமுறை விசா போதாது. இந்த மூன்று இடங்களில் எதுவும் உங்கள் பட்டியலில் இருந்தால், விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதுங்கள்.

விண்ணப்பம்

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? அதிக நாட்கள் தங்கும் நாடு எதுவோ அதில். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். ‘அந்த நாடு சீக்கிரம் தருகிறது, இந்த நாட்டில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது’ என்று போகாத நாட்டுக்கு விண்ணப்பிப்பது பொய் சொல்வதற்குச் சமம். விசா கைக்கு வந்த பிறகும், பொய் சொல்லி வாங்கியது என்று தெரிந்தால் எல்லையிலேயே ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள். தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளும். கோடைக்காலப் பயணத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம் என்பதால், ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. 2024 ஜூன் 11 முதல் கட்டணம் 90 யூரோ. விண்ணப்பத்தை வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வராது. சென்னையில் பல நாடுகளுக்கான விண்ணப்ப மையங்கள் இருக்கின்றன. தாளையும் கைரேகையையும் வாங்கி அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது, முடிவெடுப்பது தூதரகம். கூடுதல் பணம் கொடுத்தால் விசா உறுதி என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாட்களுக்கும், எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லுபடியாக வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, வேலை செய்கிறவர் என்றால் அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், மாணவர் என்றால் கல்லூரிக் கடிதம், செலவை ஏற்கும் பெற்றோரின் கணக்கு, இவையெல்லாம் வேண்டும். ஒரு நாளுக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக அறிவித்திருக்கிறது. அந்தத் தொகையை நாட்களால் பெருக்கிப் பாருங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் எங்கிருந்தோ வந்து விழுந்த பெருந்தொகை நம்பிக்கையைக் கூட்டாது, சந்தேகத்தைத்தான் கூட்டும்.

அதிகாரி முக்கியமாகத் தேடுவது ஒன்றே: இவர் பயணம் முடிந்ததும் ஊருக்குத் திரும்புவாரா? இந்தியாவிலிருந்து 2024இல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. அந்தக் குவியலில் உங்கள் தாளுக்குக் கிடைப்பது சில நிமிடம். எனவே பயணத்திட்டத்தை ஒரே பார்வையில் விளங்கும்படி ஒரு பக்க அட்டவணையாக எழுதுங்கள். தேதி, ஊர், தங்கும் இடம், அடுத்த ஊருக்குப் போகும் வண்டி என்று நான்கு கட்டம் போதும். ஹாஸ்டல் படுக்கைகளில் இலவசமாக ரத்து செய்யக்கூடியவை நிறைய உண்டு. அவற்றை உண்மையாகவே பதிவு செய்யுங்கள். சில நூறு ரூபாய்க்குப் போலி டிக்கெட்டும் போலி ஹோட்டல் பதிவும் அடித்துத் தருகிறவர்களிடம் போகாதீர்கள். மறுப்பு ஒன்று வந்தால் அது ஐந்தாண்டுக் காலம் எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கும் பொதுக் கணினியில் இருக்கும்.

முறையாக விண்ணப்பித்தும் மறுப்பு வரலாம். அப்போது மனம் உடையாதீர்கள். காரணம் என்னவென்று அச்சிட்ட படிவத்தில் குறித்துத் தர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. குறையைச் சரிசெய்து புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். ‘இதற்கு முன் மறுக்கப்பட்டதா’ என்று எந்த நாடு கேட்டாலும் ஆம் என்று எழுதுங்கள்.

படிப்படியாக ஏறும் வழி

இப்போது என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். முதல் விசா பெரும்பாலும் கேட்ட நாட்களுக்கே அளந்து வரும். முதல் விண்ணப்பத்திலேயே மூன்று மாதம் கேட்கலாம், தடையில்லை. ஆனால் இருபத்திரண்டு வயதில், வெளிநாட்டுப் பயணமே இல்லாத பாஸ்போர்ட்டோடு 90 நாள் கேட்பவரை அதிகாரி நம்புவது கடினம்.

2024 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்காக ஒரு முடிவெடுத்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசாக்கள் பெற்று அவற்றை முறையாகப் பயன்படுத்தியவருக்கு, அடுத்ததாக இரண்டாண்டு பலமுறை விசா தரலாம். அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்தது ஐந்தாண்டு விசா, பாஸ்போர்ட்டில் ஆயுள் இருந்தால். 90/180 விதி அப்போதும் பொருந்தும். ஆனால் நுழைவு எண்ணிக்கை, தேதி என்ற இரண்டு கட்டுகளும் தளர்ந்துவிடும். நீண்ட பயணத்துக்கு வேண்டியது அந்தத் தளர்வுதான்.

ஆகவே அவசரப்படாதீர்கள். முதல் ஆண்டில் பத்து நாள், இரண்டு நாடு. அடுத்த ஆண்டில் பதினைந்து நாள், வேறு இரண்டு நாடு. சொன்ன தேதியில் போய், சொன்ன தேதியில் திரும்புங்கள். சிறிய பயணம் குறைந்த பயணம் என்று நினைக்காதீர்கள். பத்து நாளை லிஸ்பன் என்ற ஒரே ஊரில் கழித்தவருக்கு அந்த ஊரின் காய்கறிக்கடைக்காரர் முகம் கூடத் தெரிந்திருக்கும்.

இரண்டாண்டு விசா கையில் இருந்தால் ஆறு மாதத் திட்டம் இப்படி அமையலாம். ஏப்ரலில் போர்ச்சுகலில் தொடங்கி ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா என்று கிழக்கே நகர்ந்து, ஜூன் இறுதிக்குள், இரண்டு மூன்று நாள் மிச்சம் வைத்து, ஷெங்கனை விட்டு வெளியேறுங்கள். மிச்சம் எதற்கு? ரயில் வேலைநிறுத்தமும் விமான ரத்தும் ஐரோப்பாவில் புதிதல்ல. பிறகு மேற்கு பால்கன் நாடுகள். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா உள்ளவர் செர்பியாவில் 180 நாட்களுக்குள் 90 நாள் தங்கலாம். மாண்டினீக்ரோவில் 30 நாள். பலமுறை விசா இருந்தால் போஸ்னியாவில் 30 நாள். அதை ஒருமுறை பயன்படுத்தியிருந்தால் அல்பேனியாவும் அனுமதிக்கும். துருக்கிக்கு, ஷெங்கன் விசாவைக் காட்டி மின்விசா எடுக்கலாம். இந்த நாடுகளில் கழியும் நாட்கள் ஷெங்கன் கணக்கில் ஏறாது. செப்டம்பர் இறுதியில் திரும்ப ஷெங்கனுக்குள் நுழைந்து, இலையுதிர்காலத்து ஆஸ்திரியாவையும் செக் நாட்டையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம்.

இரண்டு எச்சரிக்கை. இந்த நாடுகளின் சலுகைகள் அந்தந்த அரசு தருபவை; நாளையே மாறலாம். இந்தியர்களை 2017 முதல் விசா இல்லாமல் அனுமதித்த செர்பியா, 2023 ஜனவரி 1 அன்று அதை விலக்கிக்கொண்டது. கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தைப் பாருங்கள். அடுத்தது, அல்பேனியா வழியாகக் கொசோவோவுக்குள் போய் அங்கிருந்து நேரே செர்பியாவுக்குள் நுழைய முயலாதீர்கள். கொசோவோவைத் தன் மாகாணம் என்று சொல்லும் செர்பியா, அதை முறையற்ற நுழைவாகவே கொள்ளும்.

பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

திட்டம் போடும் முன் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் அது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். நீண்ட பயணம் போகிறவர் புதுப்பிக்கும்போது 36 பக்கத்துக்குப் பதில் 60 பக்கப் புத்தகம் கேளுங்கள்.

நம் தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது; தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து, சிலருக்கு முதற்பெயரிலும் சிலருக்குக் கடைசிப்பெயரிலும் போய் உட்கார்ந்திருக்கும். சிலருக்குக் கடைசிப்பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். விமான டிக்கெட், இன்சூரன்ஸ், ஹாஸ்டல் பதிவு, ரயில் பாஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். யூரெயில் என்ற ரயில் பாஸைச் சோதிக்கும் அதிகாரி பாஸ்போர்ட்டையும் கேட்பார். பெயரைத் திருத்த வேண்டும் என்றால் முதல் விசாவுக்கு முன்பே திருத்திவிடுங்கள்.

இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். ஷெங்கன் விமான நிலையத்தில் வெறுமனே விமானம் மாறுவதற்கே அவர்களுக்குத் தனி விசா தேவை. அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் விசாவோ குடியிருப்பு அனுமதியோ உள்ளவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு.

வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் அருகில் உள்ள காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கிக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். அங்கே தரும் அவசரச் சான்றிதழ் ஊர் திரும்ப மட்டுமே உதவும். முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் படமெடுத்து மின்னஞ்சலில் வைத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

எல்லையில்

விசா இருப்பதாலேயே உள்ளே விட வேண்டும் என்று சட்டமில்லை. எதற்காக வருகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், பணம் இருக்கிறதா, எப்போது திரும்புவீர்கள் என்று எல்லை அதிகாரி மறுபடி கேட்கலாம். அந்தத் தாள்களையெல்லாம் விமானத்தின் சரக்கில் போகும் பெரிய பையில் வைக்காமல் கையோடு வைத்திருங்கள்.

இத்தனை காலம் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைதான் நாளுக்குச் சாட்சி. நுழைவு முத்திரைக்கு நேர் மூலைகள், வெளியேறும் முத்திரைக்கு வளைந்த மூலைகள். விமானமா, கப்பலா, ரயிலா, சாலையா என்று ஒரு சிறு படமும் இருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் அந்த முத்திரைக்குப் பதிலாக முகப்படத்தோடு கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. நாள் கூடினால் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். இதோடு எட்டியாஸ் என்று ஒன்றையும் கேள்விப்படுவீர்கள். அது விசா இல்லாமல் ஐரோப்பா செல்லும் நாட்டவர்களுக்கானது. நாம் விசா எடுத்துப் போவதால் நமக்கு அது வேண்டாம். யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

உள்ளே எல்லைகள் இல்லை என்பதால் பாஸ்போர்ட்டை ஹாஸ்டலில் பூட்டிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போகாதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்தது. ரயில் எல்லையைத் தாண்டியதும் போலீஸார் பெட்டிக்குள் ஏறிப் பாஸ்போர்ட் கேட்பது சகஜம்.

ஹாஸ்டலில் துப்புரவு செய்தால் படுக்கை இலவசம் என்ற ஏற்பாடும் உண்டு. காசு கைமாறாவிட்டாலும் பல நாடுகளில் அது வேலைதான். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. நாள் கூடித் தங்கினால் அபராதம் முதல் நுழைவுத்தடை வரை போகும். அந்தத் தடை ஒரு நாடு விதித்தாலும் ஷெங்கன் முழுவதற்கும் பொருந்தும், பொதுவாக ஐந்தாண்டு வரை நீளலாம். ஒரு வாரம் கூடுதலாகச் சுற்றியதற்கு ஐந்தாண்டை விலையாகக் கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தனியாகப் போகிறேன் என்றால் பயம் வருவது இயல்பு. தன் 90 நாளைத் தாளில் எண்ணிக் காட்டி, எந்தத் தேதியில் எந்த எல்லையில் இருப்பேன் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையை நம்பி அனுப்பலாம். அந்தத் தயாரிப்பில் நீங்களும் கூட உட்காருங்கள்.

தம்பி தங்கைகளே, நம் பாஸ்போர்ட்டுக்குக் கதவுகள் தானாகத் திறப்பதில்லை என்று நாம் வருந்துகிறோம். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பணக்கார நாட்டு இளைஞன் ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான், நமக்கு மட்டும் இத்தனை தாள். அந்த ஏற்றத்தாழ்வை மாற்ற அரசுகள் பேச வேண்டும், பேசட்டும். அதுவரை நம் கையில் இருப்பது விதியைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வதும், உண்மையைச் சொல்வதும், சொன்ன நாளில் திரும்புவதும். இந்த மூன்றையும் செய்கிறவரின் பாஸ்போர்ட் ஒவ்வொரு பயணத்திலும் பலம் கூடிக்கொண்டே போகும். இந்த ஆண்டே முதல் சிறு பயணத்துக்குத் தேதி குறியுங்கள்.